18,500 ரூபாய் போச்சு: ரெனோவேஷன் பில்லைக் காட்டி வரியைக் குறைக்கிறேன் என்பவர்களை நம்பாதீர்கள்

கொடுத்த பணம் திரும்பி வராது என்பது இன்று காலையில்தான் முழுசாகத் தெரிந்தது. வயிறு எரிகிறது. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் சொந்த வீடு. வேலைக்குப் போவதோடு, வெளியூர் போகிறவர்களின் நாய்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அதற்காகப் பின்னறையில் வழுக்காத டைல்ஸ், கழுவிவிட வடிகால், பால்கனிக்கு கிரில் என்று 1,35,000 செலவானது. அதே சமயம் சமையலறையையும் மாற்றினோம், அது 1,45,000.

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து தரும் ஆன்லைன் சேவை ஒன்றில் நம்பர் கொடுத்தேன். கூப்பிட்ட பையன் நல்ல தமிழ் பேசினான். "அக்கா, பின்னாடி குரைக்கிறது லேப்ரடாரா? எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு, போன வருஷம்தான் போச்சு" என்றான். குரல் தழுதழுத்தது. அந்த இடத்தில்தான் நம்பிவிட்டேன். "மொத்தம் 2,80,000-ஐயும் பிசினஸ் செலவா காட்டிடலாம்க்கா" என்றான். சமையலறை எப்படி என்று கேட்டேன். "நாய்க்கும் அங்கதானே சமைக்கிறீங்க?" என்றான். சரி, விஷயம் தெரிந்தவன் சொல்கிறான் என்று 18,500 ரூபாயை யுபிஐ-யில் அனுப்பினேன். வருமான வரி போர்ட்டலின் பாஸ்வேர்டையும் கொடுத்தேன்.

பக்கத்துத் தெரு ஆடிட்டர் அந்த ரிட்டர்னைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் 'பழுதுபார்ப்பு' என்று போட்டிருக்கிறார்கள். புதிதாகக் கட்டியதும் பதித்ததும் பழுதுபார்ப்பு ஆகாதாம், மூலதனச் செலவாம். அதை ஒரே வருஷத்தில் முழுசாகக் கழிக்க முடியாதாம், தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழிக்கணுமாம். வீட்டுக் கட்டடத்துக்கு வருஷத்துக்கு 5 சதவீதம்தான் தேய்மானம், அதிலும் தொழிலுக்குப் பயன்படும் பங்கு மட்டும். சமையலறை கணக்கிலேயே வராது. கொத்தனாருக்கு ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்த 40,000-மும் 10,000 வரம்பைத் தாண்டியதால் போச்சு. மிச்சம் 95,000. அதற்கு 5 சதவீதம் 4,750. அது வரிகூட இல்லை, வருமானத்தில் கழிக்கும் தொகை! இதற்கா நான் 18,500 கொடுத்தேன்?

தவறான தகவல் கொடுத்ததாகத் துறை முடிவு செய்தால், குறைத்துக் காட்டிய வரியைப் போல 200 சதவீதம் அபராதம். அது என் பெயரில்தான் வரும், அந்தப் பையன் பெயரில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் நாள் "டிக்கெட் போட்டிருக்கோம் மேடம்". அக்கா அன்றோடு மேடம் ஆகிவிட்டேன். அடுத்து "சீனியர் மீட்டிங்ல இருக்கார்". அப்புறம் "ஃபைலிங் முடிஞ்சிடுச்சு, ரீஃபண்ட் பாலிசி இல்லை". நேற்றிலிருந்து போனை எடுப்பதே இல்லை. போர்ட்டலில் என் மொபைல் நம்பரையும் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஓடிபி எங்கேயோ போகிறது. அதை மீட்கவே அரை நாள் ஆனது. 18,500 ரூபாய் என்பது எனக்கு எத்தனை ராத்திரி விழித்து நாய் பார்த்த காசு தெரியுமா?

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். தாக்கல் செய்யும் முன் கணக்குத்தாளை வாங்கிப் பாருங்கள். 44ஏடி-யில் (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல், வரவில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் முறை) போடுகிறவர்கள் ரெனோவேஷனைத் தனியாகக் கழிக்கவே முடியாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கொத்தனாருக்கு பேங்க் வழியாகவே கொடுங்கள். என்னைப் போல மாட்டியிருந்தால் கெடு தேதிக்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டுவிடுங்கள். நான் நாளைக்கே போடுகிறேன்.