ரோத்தன்பூர்க்கா, நோர்ட்லிங்கனா?

மியூனிக்கில் குடியேறிய பிறகு, ஊரிலிருந்து யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: "கோட்டை மதில், கூம்புக் கூரை வீடு எல்லாம் இருக்குமே, அந்த மாதிரி பழைய ஊர் ஒண்ணு காட்டேன்." அவர்கள் படத்தில் பார்த்தது பெரும்பாலும் ரோத்தன்பூர்க்காகத்தான் இருக்கும். அது இருக்கும் அதே 'ரொமான்டிக் சாலை' என்ற சுற்றுலாப் பாதையில், அதற்குத் தெற்கே இருக்கிறது நோர்ட்லிங்கன். இரண்டும் ஒரு காலத்தில் புனித ரோமப் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட நகரங்கள். முப்பதாண்டுப் போரில் (1618–48) இரண்டுமே நொடித்துப்போயின. இடித்துக் கட்டக் காசில்லாததால்தான் பழைய வீடுகள் தங்கின.

முதலில் மதில். ரோத்தன்பூர்க்கில் கூரை போட்ட மதில் நடையில் நெடுந்தூரம் போகலாம், ஆனால் ஊரை முழுக்கச் சுற்ற முடியாது. நோர்ட்லிங்கனில் முடியும். ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர், 5 வாசல்கள், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். இரண்டிலும் கட்டணம் இல்லை. மழை நாளில் குழந்தைகளோடு போனால் நான் நோர்ட்லிங்கன் மதிலைத்தான் சொல்வேன்.

ஆனால் ரோத்தன்பூர்க் மதிலில் வேறொன்று இருக்கிறது. 1945 மார்ச் 31 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் ஊரில் ஏறத்தாழ 40 விழுக்காடு அழிந்தது. பெரும்பகுதி கிழக்குப் பக்கம். போருக்குப் பிறகு உலகெங்கும் இருந்து வந்த நன்கொடையில் மதிலை எடுத்துக் கட்டினார்கள். கொடுத்தவர்களின் பெயர்கள் சுவரிலேயே கல்லில் பதிக்கப்பட்டிருக்கின்றன, ஜப்பானியப் பெயர்கள் உட்பட. அப்பா வந்திருந்தபோது ஒவ்வொரு கல்லாக நின்று படித்தார். "நம்ம கோயில் தூண்ல உபயம்னு எழுதுவாங்களே, அதேதான்" என்றார். சிலர் இதைக் கேட்டதும் 'அப்போ இது போலி ஊரா?' என்று முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழிந்ததை அதே உருவில் திரும்ப எழுப்பியதும் இந்த ஊரின் வரலாறுதானே.

ரோத்தன்பூர்க்கில் தவறவிடக் கூடாதது புனித யாக்கோபு தேவாலயம். உள்ளே மேற்குப் பக்கம், மாடிப்படி ஏறிப் போனால் டில்மன் ரீமன்ஷ்னைடர் 1500–1505 வாக்கில் செதுக்கிய மரப் பலிபீடம் இருக்கிறது. இறுதி இராவுணவுக் காட்சி. வண்ணம் பூசாத லிண்டன் மரம். பின்னால் இருக்கும் சன்னல்களிலிருந்து ஒளி விழும்போது முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். நட்டநடுவில் யேசு இல்லை, யூதாஸ் நிற்கிறான். கீழே தெருவில் அத்தனை கூட்டம் இருந்தாலும் மேலே ஆள் குறைவு. நான் மூன்று முறை பார்த்துவிட்டேன், இன்னும் போவேன்.

கூட்டம்தான் அந்த ஊரின் குறை. ஊர்ச் சனமே 11,000 பேர் வாக்கில்தான். பகலில் பேருந்து பேருந்தாக வந்து இறங்குகிறார்கள். ப்ளோன்லைன் என்ற பேர்போன தெருமுனையில் படமெடுக்க வரிசை. ஷ்னேபால் என்று ஒரு பலகாரம் விற்பார்கள், சோமாசி மாவை நாடாவாக வெட்டி உருட்டிப் பொரித்தது போல. ஒன்று வாங்கி நாலு பேர் பிட்டுக்கொண்டால் போதும்.

நோர்ட்லிங்கன் அப்படியில்லை. சுமார் 20,000 பேர் தங்கள் பாட்டுக்கு வாழ்கிற ஊர். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக் கிடக்கும், சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. புனித கியோர்க் தேவாலயத்தின் கோபுரத்துக்குப் பெயர் டேனியல். 90 மீட்டர், 350 படிகள். மேலே நின்று பார்த்தால் சிவப்பு ஓட்டுக் கூரைகளின் வட்டம், அதற்கும் அப்பால் குன்றுகளின் பெரிய வட்டம். அந்தப் பெரிய வட்டம் ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உண்டான பள்ளம், 25 கிலோமீட்டர் அகலம். தேவாலயத்தின் கல்லும் அந்த மோதலில் உருகிக் கலந்த சூவைட் பாறைதான். அதில் கண்ணுக்குத் தெரியாத அளவில் வைரத்துகள்கள் இருக்கின்றன. நிலாவுக்குப் போகும் முன் அப்போலோ 14 வீரர்கள் 1970இல் இங்கே வந்து பாறைகளைப் படித்தார்கள்.

பயணம்: இரண்டும் பவேரியாவில் இருப்பதால் பயர்ன் டிக்கெட் (அந்த மாநிலத்துக்கான ஒருநாள் ரயில் சீட்டு) செல்லும். மியூனிக்கிலிருந்து நோர்ட்லிங்கன் பக்கம், டோனாவோர்ட் வழியாக. ரோத்தன்பூர்க்குக் கடைசியாக ஷ்டைனாக்கில் வண்டி மாற வேண்டும், போய்வரவே நாள் ஓடிவிடும்.

முதல்முறை வரும் விருந்தினருக்கு ஒரே ஒரு ஊர் என்றால் ரோத்தன்பூர்க், ஆனால் ஒரு ராத்திரி தங்கினால் மட்டும். மாலையில் பேருந்துகள் கிளம்பியதும் கல் பாவிய தெருக்கள் நமக்கே நமக்கு. தங்க முடியாது என்றால் யோசிக்காமல் நோர்ட்லிங்கன். இங்கேயே வாழ்கிறவர்கள் இரண்டாவதாக, மூன்றாவதாகப் போகவும் அதுதான் ஏற்றது. அங்கேயும் ஒருமுறையாவது தங்கிப் பாருங்கள்: இரவு 10 மணி முதல் 12 வரை, அரை மணிக்கு ஒருமுறை, டேனியல் உச்சியிலிருந்து காவலாளி "ஸோ, க்ஸெல், ஸோ!" என்று குரல் கொடுப்பார். சன்னலைத் திறந்து வைத்தால் கேட்கும்.