ஃபெராரி 360 மொடேனா: ஏழு வருடம், 16,000 மைல், ஒரு கோப்பு நிறைய பில்

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாலே காரின் பின்னாலிருந்து 'ங்ஙீ...' என்று ஒரு முனகல் கேட்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணுவேன். நாலுக்குள் நின்றுவிட்டால் நிம்மதியாக உட்காருவேன். ஏன் எண்ணுகிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கார் 2000-இல் பதிவான 360 மொடேனா. 2018-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது 31,000 மைல், இப்போது 47,000. கொடுத்த விலை 54,000 பவுண்ட். "இந்தக் காசுக்குப் புதுக் காரே வாங்கியிருக்கலாமேங்க" என்று மனைவி ஒரே ஒருமுறைதான் சொன்னாள். அதற்கப்புறம் பில் வரும் நாட்களில் ஒரு பார்வை மட்டும்தான்.

360-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு அழகு ஒரு காரணம், இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் இன்னொரு காரணம். இதற்கு முந்தைய எஃப்355-இல் பெல்ட் மாற்ற இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். 1999-இல் வந்த 360-இல் சீட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் தகட்டைக் கழற்றினால் பெல்ட் கைக்கு எட்டும். கூலியில் இது பெரிய வித்தியாசம். அடுத்து வந்த எஃப்430-இல் பெல்ட்டே கிடையாது, செயின்தான். ஆனால் அதன் விலை என் கைக்கு எட்டவில்லை.

பெல்ட்டுக்கு மூன்று வருடக் கெடு. ஓடினாலும் கெடு, ஷெட்டில் போர்த்தி வைத்திருந்தாலும் கெடு. சிலிண்டருக்கு ஐந்து வால்வு, எட்டு சிலிண்டருக்கு நாற்பது. பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனோடு மோதும். அதனால் இதில் பேரம் பேசுவதில்லை. 2018-இல் 1,500 பவுண்ட், 2021-இல் 1,650, 2024-இல் 1,900. மூன்று முறையும் தனியார் மெக்கானிக்கிடம்தான்.

வாங்குமுன் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், அரசு இணையதளத்தில் பழைய எம்.ஓ.டி. (வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) பதிவுகளைப் பார்த்தது. பதிவு எண் மட்டும் போதும், காசில்லை. ஒவ்வொரு சோதனையின்போதும் எத்தனை மைல், எதற்காக ஃபெயில் எல்லாம் வரிசையாக வரும். என் கார் 2012 முதல் 2017 வரை மொத்தமே 400 மைல் ஓடியிருந்தது. விற்றவர் அதைப் பெருமையாகச் சொன்னார், நானும் தலையாட்டினேன். புத்திசாலித்தனம் அத்தோடு முடிந்தது. இறைக்கிற கிணறுதான் ஊறும். நின்றுகிடக்கும் காரில் ரப்பரும் சீலும் காய்ந்துபோகும், பேட்டரி சாகும். முதல் வருடம் நான் செலவழித்ததெல்லாம் அந்த ஐந்து வருட ஓய்வுக்கான வட்டி.

டயர்களைப் பார்த்தால் பட்டன் புதிது போல இருக்கும். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் பார்த்தால் பத்து வயது. நான்கையும் மாற்ற 800 பவுண்ட். சஸ்பென்ஷன் பால் ஜாயின்ட்கள் வேகத்தடையில் பழைய கட்டில் மாதிரி கிறீச்சிட்டன, அதற்கு 700. டாஷ்போர்டு பட்டன்களில் அந்தக் காலத்தில் பல கார்களில் பூசிய மென்மையான ரப்பர் பூச்சு உருகி, ஏ.சி.யைப் போட்டால் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதியும், புளியம்பழம் பிசைந்த கை மாதிரி பிசுபிசுக்கும். கழற்றிக் கொடுத்தால் சுரண்டி மறுபூச்சு பூசித் தருகிறார்கள். 350 பவுண்ட்.

இப்போது அந்த முனகல். என் காரில் இருப்பது எஃப்1 கியர், அதில் கிளட்ச் மிதி கிடையாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பை இழுத்தால் ஹைட்ராலிக் அழுத்தம் கிளட்ச்சையும் கியரையும் இயக்கும். அந்த அழுத்தத்தைத் தருவது ஒரு மின்சாரப் பம்ப். கதவைத் திறந்ததும் அது ஓடி அழுத்தம் ஏற்றி நிற்க வேண்டும். நீண்ட நேரம் ஓடினாலோ, ஓரிரண்டு கியர் மாற்றத்துக்கே மறுபடி ஓடினாலோ எங்கோ அழுத்தம் கசிகிறது என்று அர்த்தம். பம்புக்கு மின்சாரம் விடும் ரிலே வயதாகி ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்காமல் ஓடிக் கருகிவிடும். ரிலே சில பவுண்ட், பம்ப் ஆயிரத்துக்கு மேல். வாங்கிய வாரமே ரிலேயை மாற்றினேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இன்றும் மாற்றுகிறேன். எண்ணுவதையும் விடவில்லை.

கிளட்ச் போனது முழுக்க என் தப்பு. எங்கள் வீட்டு வாசல் நல்ல மேடு. ஸ்டைலாக ரிவர்ஸில் ஏற்றி நிறுத்துவேன். இந்தக் கியருக்கு ரிவர்ஸில் மேடு ஏறுவதைப் போல எமன் வேறில்லை. கிளட்ச் பாதி பிடித்தபடியே தேயும். கணினியைச் சொருகினால் தேய்மானம் சதவீதமாகவே தெரியும். வாங்கும்போது 38, இரண்டே வருடத்தில் 90. புதுசுக்கு 2,900 பவுண்ட். இப்போது முகப்பை வீட்டைப் பார்த்தே நிறுத்துகிறேன், இறங்கும்போது சரிவே தள்ளிவிடுகிறது. நாலு வருடத்தில் 20 கூடத் தாண்டவில்லை.

ஒரு மழை நாளில் 'ஸ்லோ டவுன்' விளக்கு எரிந்தது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது, வேகத்தைக் குறை என்று பொருள். பக்கத்து ஊரில் ஒரு பளபளப்பான ஒர்க்‌ஷாப்பில் காபி கொடுத்து உட்கார வைத்து, இரண்டு கன்வெர்ட்டரையும் மாற்றச் சொன்னார்கள். எஸ்டிமேட்டைப் பார்த்ததும் காபி இறங்கவில்லை. என் வழக்கமான மெக்கானிக், ஓய்வு பெறும் வயதில் இருப்பவர், ஸ்கேனரில் இடப்பக்கக் கோளாறைப் பார்த்தார். வெப்பத்தை அளக்கும் சின்னப் பெட்டி பக்கத்துக்கு ஒன்று உண்டு. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினார். கோளாறும் கூடவே வலப்பக்கம் போய்விட்டது. கன்வெர்ட்டர் பிழைத்தது, பெட்டிக்கு 150 பவுண்ட். சாயங்காலம் பிரியாணி அவருக்கு என் செலவு.

சாலை வரி நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. 2001 மார்ச்சுக்கு முன் பதிவான கார்களுக்கு இங்கே புகை அளவு பார்ப்பதில்லை, இன்ஜின் அளவு மட்டும்தான், அதனால் 3.6 லிட்டர் வி8-க்கும் 1.6 லிட்டர் குடும்பக் காருக்கும் ஒரே வரி. 360 தேடுபவர்கள் பதிவுத் தேதியை ஒருமுறை பாருங்கள். ஆரம்பகாலக் கார் என்றால் கேம் வேரியேட்டர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) கோளாறுக்காக ஃபெராரியே திரும்ப அழைத்த ரீகால் வேலை முடிந்ததற்கான தாள் கோப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெல்ட் மாற்றாத வருடங்களின் ஆயில் சர்வீஸையும் சேர்த்து, இன்ஷூரன்ஸ், வரி, பெட்ரோல் நீங்கலாக ஏழு வருடத்தில் சுமார் 12,000 பவுண்ட். மைலுக்கு 75 பென்ஸ். வழியில் நின்று டோ செய்தது ஒருமுறைகூட இல்லை. காரின் விலைதான் பாதியானதே தவிர, அதன் ஸ்பேர் பார்ட்ஸ் இன்னும் ஷோரூம் காலத்து கௌரவத்திலேயே இருக்கின்றன. வாங்கும் விலையோடு 5,000 பவுண்டை முதல் வருடத்துக்கென்று தனியாக எடுத்து வைக்க முடியாதென்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

குளிரில் சாலையில் உப்பு தூவ ஆரம்பித்தால் வண்டி வெளியே போகாது, பேட்டரி சார்ஜரில் தூங்கும். மற்றபடி ஞாயிறு காலை ஆறு மணிக்கு, தெரு விழிக்குமுன். 8,500 சுற்றில் அந்த இன்ஜின் போடும் சத்தத்தைப் பற்றி எழுதினால் இது அனுபவப் பகிர்வாக இருக்காது, காதல் கடிதமாகிவிடும். அடுத்த பெல்ட் 2027-இல். அதற்குள் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்களை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.