மணிக்கு 45 கிலோமீட்டரில் எந்தப் படகு, எந்த ஸ்கி?

படகு கயிற்றால் இழுக்க, ஒற்றை ஸ்கியில் (நீர்ச்சறுக்குப் பலகையில்) நின்றுகொண்டு, அந்தப் படகு கிளப்பும் அலையை இடமும் வலமும் வெட்டிக் கடக்கும் ஸ்லாலம் சறுக்கு ஒருமுறை மனதில் ஒட்டிக்கொண்டால் பிறகு விடாது. கொஞ்ச நாளில் சொந்த ஸ்கி வேண்டும் என்று தோன்றும், அப்புறம் சொந்தப் படகு. பணம் தவறான இடத்துக்குப் போவதும் அங்கேதான். காரணம், நாம் தேடிப் படிக்கும் ஒப்பீடுகள் பலவும் போட்டி வேகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

ஆண்கள் போட்டியில் படகின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். 259 மீட்டர் பாதையைப் பதினாறே விநாடிகளில் கடந்துவிடும். அதற்குள் வீரர் ஆறு மிதவைகளைச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு முறை வெற்றிகரமாக முடித்ததும் கயிற்றைக் குறைப்பார்கள். மிதவைகள் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கின்றன. கயிறோ 11.25, 10.75, 10.25 என்று அதற்கும் கீழே போய்க்கொண்டிருக்கும். கயிறு எட்டாத மிச்ச தூரத்தை வீரர் தன் உடம்பை நீட்டி எட்டுகிறார். பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும். ஆனால் சனிக்கிழமை விடியற்காலையில் ஏரிக்குப் போகும் நாம் ஓடுவது 42 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில். நம் கயிறு 18.25 மீட்டர், மிஞ்சிப்போனால் 16. இந்த வேகத்தில் தண்ணீரின் குணமே வேறு. எது நல்ல படகு, எது நல்ல ஸ்கி என்ற வரிசையும் அதனால் மாறிவிடுகிறது.

ஸ்கியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே பலகையில், அதே சாய்வில் நின்றால், 58-இல் கிடைக்கும் தாங்குதலில் 45-இல் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் கிடைக்கும். படகுக்கும் இதே கதைதான். வேகம் குறையக் குறைய அடிப்பகுதி தண்ணீரில் ஆழமாக உட்கார்ந்து உழுதுகொண்டு போகும், பின்னால் எழும் அலை பெரிதாகும். 58-இல் மேசைபோல் தட்டையாக இருக்கும் படகு 45-இல் முழங்காலில் இடிக்கும் ஒரு மேட்டைக் கிளப்பலாம். இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் மூன்று வகைப் படகுகளையும் பார்ப்போம்.

படகுகள்

முதலாவது டைரக்ட் டிரைவ். எஞ்சின் படகின் நடுவில் இருக்கும். அதிலிருந்து தண்டு நேராகப் பின்னோக்கிச் சாய்ந்து இறங்கி, அடியில் உள்ள ப்ரொப்பெல்லரைச் சுழற்றும். எடை நடுவில் இருப்பதால் பின்பக்கம் தாழாது, அலை சிறிதாகவும் மென்மையாகவும் எழும். கயிறு கட்டும் கம்பமும் நடுவில், எஞ்சினுக்குச் சற்று முன்னால். நீங்கள் பக்கவாட்டில் எவ்வளவு பலமாகச் சாய்ந்து இழுத்தாலும் படகின் பின்பக்கம் அசைந்து வராது. அடியில் உள்ள சிறு துடுப்புகள் படகை நேர்க்கோட்டில் பிடித்துவைக்கும். ஸ்கி நாட்டிக், மாஸ்டர்கிராஃப்ட் புரோஸ்டார், மாலிபு ரெஸ்பான்ஸ் மூன்றும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்கி நாட்டிக் என்ற பெயர் 1961 முதல் தண்ணீரில் இருக்கிறது.

இரண்டாவது வி-டிரைவ். எஞ்சின் பின்பக்கக் கோடியில் இருக்கும். தண்டு முதலில் முன்னோக்கி வந்து, பல்சக்கரப் பெட்டியில் திரும்பி, மறுபடி பின்னால் போகும். அந்த வடிவத்தால்தான் வி என்ற பெயர். நடுவில் எஞ்சின் இல்லாததால் உட்கார நிறைய இடம் கிடைக்கும். ஆனால் பின்பக்க எடை பெரிய அலையைக் கிளப்பும். வேக்போர்டு என்ற அகலப் பலகையில் அலைமேல் துள்ளுபவர்களுக்கு வேண்டியதே அந்த அலைதான். அது போதாது என்று தண்ணீர் மூட்டைகளை நிரப்பி இன்னும் பெரிதாக்குவார்கள்.

மூன்றாவது, அவுட்போர்டு (எஞ்சினே படகின் பின்னால் வெளியே தொங்கும்) அல்லது ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளே, ப்ரொப்பெல்லர் வெளியே) பொருத்திய சாதாரண உல்லாசப் படகு. ப்ரொப்பெல்லர் படகுக்குப் பின்னால் இருக்கும். மீன்பிடிக்கலாம், குழந்தைகளை ரப்பர் வளையத்தில் இழுக்கலாம், சும்மா சுற்றியும் வரலாம். கயிற்றைப் பெரும்பாலும் பின்பக்க வளையத்தில்தான் கட்டுகிறோம் என்பதால், சறுக்குபவர் இழுக்கும் ஒவ்வொரு முறையும் படகின் வால் அவர் பக்கம் இழுபடும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ப்ரொப்பெல்லர் பின்னால் பீய்ச்சும் நுரையில் அலையின் நடுப்பகுதி கரடுமுரடாக இருக்கும். இருந்தாலும் இந்தப் படகை நான் மட்டமாகப் பேசமாட்டேன். நான் ஒற்றை ஸ்கியில் முதன்முதலாக எழுந்து நின்றது ஒரு பழைய அவுட்போர்டுக்குப் பின்னால்தான். கற்றுக்கொடுத்த அண்ணன் ஓட்டும் இருக்கையிலிருந்து திரும்பி, "தம்பி, கயிறு உன்ன இழுக்கட்டும், நீ கயித்த இழுக்காத" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. முதல் பருவத்துக்கு அந்தப் படகு தாராளமாகப் போதும்.

நான் இருக்கும் அமெரிக்க மாநிலமான மினசோட்டாவில் சொந்தப் படகு என்று பேச்சு வந்ததும் எங்கள் மூன்று குடும்பங்களுக்குள் ஒரு விவாதம் கிளம்பியது. இடம் வேண்டும், வி-டிரைவ் எடுக்கலாம் என்றார்கள் இரண்டு வீட்டார். நியாயமான பேச்சுதான். டைரக்ட் டிரைவில் நடுக்கூடத்தை எஞ்சின் பெட்டி அடைத்துக்கொள்ளும். ஆறு பேர் உட்கார்ந்தால் சாப்பாட்டுப் பையை மடியில்தான் வைக்க வேண்டும். ஒரு வாரக்கடைசிக்கு வி-டிரைவ் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். தண்ணீர் மூட்டைகளைக் காலி செய்து 45-இல் இழுத்தும், அலை கணுக்கால் உயரத்தைத் தாண்டி நின்றது. அலையைக் கடக்கும்போது ஸ்கி ஒரு கணம் காற்றில் தொங்கும். இறங்கும்போது முழு எடையும் இடுப்பில் வந்து விழும். இரண்டு நாளில் மூன்று பேருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அலை கடினமாக இருந்தால் புதியவர் அதைப் பார்த்துப் பயந்து, கடக்கும் நேரத்தில் சாய்வை விட்டு நிமிர்ந்துவிடுவார். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்க ஆண்டுகள் ஆகும். என் கணக்கில் வி-டிரைவ் தோற்றது இதனால்தான்.

இன்னொரு எச்சரிக்கை. வி-டிரைவ்களில் தலைக்கு மேல் கோபுரம் இருக்கும். அதன் உச்சியில் கயிற்றைக் கட்டி ஸ்லாலம் ஓடக் கூடாது. பக்கவாட்டில் விழும் இழுப்பு அவ்வளவு உயரத்திலிருந்து படகைச் சாய்க்கும், உங்களையும் ஸ்கியின் மேலிருந்து பிடுங்கும். கீழே உள்ள கொக்கியில் அல்லது கம்பத்தில்தான் கட்ட வேண்டும்.

கடைசியில் நாங்கள் எடுத்தது 1990-களின் டைரக்ட் டிரைவ் ஒன்று. புதிதாக வாங்கினால் இந்த வகை ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். பழையது ஒரு சுமாரான காரின் விலைக்குக் கிடைக்கிறது. அந்தக் காலப் படகுகள் எடையும் குறைவு. இன்றைய வி-டிரைவ்கள் இரண்டு டன்னை எட்டுவது சாதாரணம், 90-களின் டைரக்ட் டிரைவ் ஒன்றேகால் டன்னுக்குள் அடங்கிவிடும். நமது மெதுவான வேகத்தில் அந்த எடைக் குறைவே பெரிய வரம்.

பழையதில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அடித்தளத்தைத் தாங்கும் நீளக் கட்டைகள். பல பழைய படகுகளில் அவை மரத்தால் ஆனவை, ஃபைபர் பூச்சுக்குள் ஒளிந்திருக்கும். தண்ணீர் புகுந்தால் வெளியே தெரியாமல் உளுத்துப்போகும். எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை முடுக்கிப் பாருங்கள். இறுகாமல் சும்மா சுற்றினால் விலை பேசாமல் திரும்பிவிடலாம். இரண்டு, எஞ்சின் பிளாக். குளிர்காலத்தில் எஞ்சினுக்குள் தங்கிய ஏரித் தண்ணீர் உறைந்து விரிந்தால் இரும்பே வெடித்துவிடும். எங்கள் பக்கம் இது அடிக்கடி நடப்பதுதான். நாங்கள் பார்த்த முதல் படகு புதுப் பெயின்ட் அடித்து அழகாக நின்றது. எண்ணெய்க் குச்சியை உருவினால் பால் கலந்த காப்பிபோல் எண்ணெய். உள்ளே தண்ணீர் கலந்திருந்தது. அதோடு கிளம்பிவிட்டோம்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பணம் போடுவது வீண் அல்ல. சறுக்குபவர் இழுக்கும்போது படகு வேகம் குறையும், விட்டதும் கூடும். கையால் ஆக்சிலேட்டரைப் பிடித்து இதைச் சமன் செய்ய நல்ல அனுபவம் வேண்டும். புதிய படகுகளில் ஜிபிஎஸ் மூலம் இயங்கும் ஜீரோ ஆஃப் என்ற கருவி கூடவே வரும். ஆக்சிலேட்டரைக் கம்பியால் இயக்கும் பழைய எஞ்சின்களுக்கு பெர்ஃபெக்ட்பாஸ் என்ற கருவியை வாங்கிப் பொருத்தலாம். எங்கள் படகில் அதைப் பொருத்திய பிறகு என் மனைவியும் நம்பிக்கையோடு ஓட்ட ஆரம்பித்தாள், ஓட்டுபவர் ஒருவரே என்ற நிலை போனது.

ஸ்கி

முதல் நீர்ச்சறுக்கு ஸ்கியும் எங்கள் ஊரில்தான் பிறந்தது. 1922-இல் மினசோட்டாவின் பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயது இளைஞர் முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார், பிறகு பனிச்சறுக்குப் பலகைகளை. இரண்டுமே தாங்கவில்லை. எட்டடி நீளமுள்ள பைன் பலகைகளை வாங்கி, முனையைக் கொதிநீரில் வேகவைத்து மேல்நோக்கி வளைத்த பிறகுதான் தண்ணீருக்கு மேலே நின்றார். படகு மெதுவானது, அதனால் பலகைக்குப் பரப்பு வேண்டியிருந்தது. நூறு வருடம் கழித்து ஸ்கி வாங்கும் நமக்கும் இதே கணக்குதான்.

போட்டி ஸ்கிகளான ரேடார் வேப்பர், எச்.ஓ. சிண்டிகேட், குட் போன்றவை பெரும்பாலும் கார்பன். நடு அகலம் ஏழு அங்குலத்துக்கும் குறைவு. 55 கிலோமீட்டருக்கு மேலே மிதவையைச் சுற்றித் திரும்பும்போது கத்திபோல் வெட்டும். அதே ஸ்கி 45-இல் தண்ணீருக்குள் அமிழ்ந்து, கால் நடுங்க உழைக்க வைக்கும். நண்பர் ஒருவர் தன் பழைய போட்டி ஸ்கியை அன்போடு எனக்குக் கொடுத்தார். ஒரு முழுக் கோடையும் அதில் ஓடி, எனக்குத் திறமை இல்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். மறு வருடம் வேறு ஸ்கிக்கு மாறிய முதல் நாளே அலைக்கு அந்தப் பக்கம் நிதானமாகத் திரும்ப முடிந்தது.

இன்னொரு முனையில் ரேடார் பட்டர்நைஃப், எச்.ஓ. ஹோவர்கிராஃப்ட், கானெல்லி பிக் டாடி போன்ற அகன்ற பலகைகள். ஆழத் தண்ணீரிலிருந்து எழுவது இவற்றில் மிக எளிது. கனமானவர்கள், ஐம்பது வயது தாண்டியவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் இதை எடுக்கலாம். 40 கிலோமீட்டரிலேயே மிதந்து நிற்கும். குறை என்னவென்றால், வேகம் 50-ஐத் தாண்டினால் தண்ணீரைக் கடிக்காமல் மேலே வழுக்கும், திருப்பம் நீண்டுபோகும்.

நடுவில் உள்ள ரேடார் செனட், எச்.ஓ. ஆம்னி வகைதான் எனக்குப் பிடித்தது. 42-இலிருந்து 55 வரை ஒரே ஸ்கியில் வளரலாம். போட்டி ஸ்கியைவிடச் சற்று அகலம், அடிப்பக்கக் குழிவு தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். நீளத்தை எடையோடு வேகத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 55-இல் ஓடும் 80 கிலோ ஆளுக்கு 67 அங்குலம் சரி. அவரே 45-இல் ஓடுவதானால் 69 வசதியாக இருக்கும். சந்தேகம் வந்தால் பெரியதை எடுங்கள். பின்னால் உள்ள உலோகத் துடுப்பைக் கம்பெனி வைத்த அளவிலேயே விட்டுவிடுங்கள். அதை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவது நம் வேகத்தில் பலன் தராது.

ஸ்கியில் கால் மாட்டும் பிடிப்புகளில், பின்காலுக்கு முழு பூட்டா, விரல்களை மட்டும் நுழைக்கும் பட்டையா என்ற கேள்வி வரும். ஆரம்பத்தில் பட்டைதான். எழும்போது பின்காலைச் சுக்கான்போலத் தண்ணீரில் தொங்கவிட்டு, நின்ற பிறகு நுழைத்துக்கொள்ளலாம். விழும்போது ஒரு கால் கழன்று மறுகால் மாட்டிக்கொண்டால் கணுக்காலுக்கு ஆபத்து. அதனால் முன்பூட்டை அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும், இரத்தம் நிற்கும் அளவுக்கு வேண்டாம்.

கயிறு சின்னச் செலவுதான், ஆனால் அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வேக்போர்டுக்கான கயிறு கொஞ்சமும் நீளாது. அதில் ஸ்லாலம் ஓடினால் ஒவ்வொரு திருப்பத்தின் முடிவிலும் தோள்பட்டையில் வெட்டி இழுக்கும். ஸ்லாலம் கயிறு சிறிது இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வளையங்கள் நிறத்தால் பிரிந்திருக்கும். முழுக் கயிறு 75 அடி. சிவப்பு வளையத்தில் பதினைந்து அடி குறையும், ஆரஞ்சில் இருபத்திரண்டு. இவற்றைத்தான் 15 ஆஃப், 22 ஆஃப் என்கிறார்கள். மெதுவான வேகத்தில் பல படகுகளில் 22 ஆஃப் நீளத்தில்தான் அலை முகட்டின் மிக மோசமான இடம் வந்து வாய்க்கும். ஆரஞ்சுக்குப் போனதும் திடீரென்று இடி அதிகமானால் உங்கள் மேல் தவறில்லை, சிவப்புக்குத் திரும்புங்கள்.

படகு வாங்கப் போகும்போது உங்கள் ஸ்கியையும் கயிற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் தனியாக ஓட்டிக் காட்டும் தட்டையான அலையை நம்ப வேண்டாம். வழக்கமாக உங்களோடு வரும் நாலு பேரை உட்கார வைத்து, வேகத்தை 45-இல் நிலையாக வைத்து, சிவப்பு வளையத்தில் மாட்டி, பத்து தடவை அலையைக் கடந்து பாருங்கள். மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது முதுகு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.