வேம்பநாட்டுக் காயலில் ஒரு பகலும் ஓர் இரவும்: படகு வீடா, பகல் படகும் கரை வீடுமா?

ஆலப்புழையில் படகு வீட்டைப் பதிவு செய்யும் முன் ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு மேல் அந்தப் படகு நகராது. இரவில் மீனவர்கள் காயலில் வலை விரிப்பார்கள் என்பதால், படகு வீடுகள் இருட்டுவதற்குள் கரையோரம் ஒதுங்கிக் கட்டப்பட்டுவிடும். நண்பகல் 12 மணிக்கு ஏறி மறுநாள் காலை 9 மணிக்கு இறங்குவதுதான் வழக்கமான ஏற்பாடு. மொத்தம் 21 மணி நேரம். அதில் மதியச் சாப்பாட்டுக்காக ஒரு மணி நேரம் எங்காவது நிறுத்துவார்கள். மறுநாள் காலையில் சிற்றுண்டியை ஒட்டி ஒரு மணி நேரம் ஓட்டித் துறைக்குக் கொண்டுவந்து விடுவார்கள். கூட்டிப் பார்த்தால் படகு ஓடுவது ஏறத்தாழ ஐந்து மணி நேரம்தான்.

அதே படகு வீட்டைப் பகலுக்கு மட்டும் எடுத்தால் காலை 11 மணிக்கு ஏறி மாலை 5 மணிக்கு இறங்கலாம். ஓட்டம் கிட்டத்தட்ட அதே அளவு. அப்படியானால் இரவுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், கட்டி நிறுத்திய படகில் தூங்குவதற்கான கட்டணம். அந்தத் தூக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒத்துவருமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. படகு வீட்டிலேயே இரவு தங்குவது ஒன்று. பகலில் சிறு படகில் சுற்றிவிட்டுக் காயல் கரையில் ஒரு வீட்டில் தங்குவது இரண்டாவது. அரசுப் படகுகளில் ஊர் மக்களோடு சேர்ந்து போய்வருவது மூன்றாவது. ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்தக் காயலில் மூன்றுக்குமே இடம் உண்டு.

படகு வீட்டில் இரவு

இன்றைய படகு வீடுகளின் மூதாதை கெட்டுவள்ளம். ஆலப்புழையைச் சுற்றியுள்ள தாழ்ந்த வயல்நாடான குட்டநாட்டின் நெல்லைக் கொச்சிக்குச் சுமந்து சென்ற சரக்குப் படகு அது. ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைப் பூசி உருவாக்குவார்கள். ஆழமற்ற இடத்தில் கழி ஊன்றித் தள்ளுவார்கள், காற்று கிடைத்தால் பாய் விரிப்பார்கள். லாரிகள் வந்து சரக்கைப் பறித்துக்கொண்ட பிறகு, 1990களில் அதே வள்ளங்களுக்கு மூங்கில் கூரையும் படுக்கையறையும் வைத்துச் சுற்றுலாவுக்கு இறக்கினார்கள். இப்போது பாய்மரம் இல்லை, டீசல் இன்ஜின்தான். பாய்மரப் பயணம் என்ற கற்பனையோடு போகிறவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

இரவுத் தங்கலின் பெரிய லாபம், படகைக் கட்டிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம். பெரும்பாலும் ஏதாவதொரு பாடசேகரத்தின், அதாவது வயல் தொகுப்பின், வரப்பை ஒட்டித்தான் நிறுத்துவார்கள். இறங்கி அந்த வரப்பில் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் காயல், மறுபக்கம் வயல், வயல் காயலைவிடத் தாழ்ந்து கிடக்கும். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் இந்த முறையை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013-ல் உலக வேளாண் மரபுச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்தது. வயலில் தேங்கும் நீரை மேலேற்றிக் காயலில் கொட்ட ‘பெட்டியும் பறையும்’ என்ற உள்ளூர் இறைப்பு இயந்திரம் இருக்கிறது. அது ஓடுவதைக் காண வாய்த்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் அருகில் நின்று பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தண்ணீர் எப்படி மேலே போகிறது, வரப்பு உடைந்தால் என்ன ஆகும் என்று ஆயிரம் கேள்விகள் வரும். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாத்தா ஒருவர் உடன் இருந்தால் அவருக்கு அதைவிட அதிகம் வரும். எந்த விடுதியும் தர முடியாத மாலை அது.

அடுத்த லாபம் விடியற்காலை. ஆறு மணிக்கு மற்ற படகுகள் எதுவும் நகரத் தொடங்கியிருக்காது. நீர்க்காகங்கள் கம்புகளில் சிறகு விரித்துக் காயும். மீனவர்கள் வலையை மடித்துக்கொண்டு திரும்புவார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து இன்ஜின்கள் கிளம்பினால் அந்த அமைதி கலைந்துவிடும். ஆகவே, படகில் தங்குகிறவர்கள் எட்டு மணி வரை தூங்குவதைப் போல வீண்செலவு வேறு இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். சாதாரண வகைப் படகுகளில் ஏசி இரவு 9 முதல் காலை 6 வரைதான் ஓடும். பகல் முழுவதும் வேண்டுமென்றால் அதற்கென்று வேறு வகைப் படகு, வேறு கட்டணம். மார்ச், ஏப்ரல் புழுக்கத்தில் இந்த வித்தியாசம் உறைக்கும். ஏசிக்கு ஜெனரேட்டர் வேண்டும். பக்கத்தில் இன்னும் நான்கைந்து படகுகள் கட்டியிருந்தால் அவற்றின் ஜெனரேட்டர்களும் சேர்ந்து ஒலிக்கும். இருட்டியதும் கொசு வரும், எல்லாரும் அறைக்குள் ஒடுங்குவார்கள். துறையில் படகுகளை வரிசையாக ஒட்டி நிறுத்தியிருப்பதால் ஒன்றில் ஏறி, அதைக் கடந்து, அடுத்ததில் கால் வைத்துத்தான் நம் படகை அடைய வேண்டியிருக்கும். முட்டிவலி உள்ள பாட்டிக்கு இது எளிதல்ல. மாடி வைத்த படகாக இருந்தால் நல்ல காட்சி முழுவதும் மேல்தளத்தில் இருக்கும், அவர் கீழேயே உட்கார்ந்துவிடுவார்.

நடக்கப் பழகியிருக்கும் குழந்தை இருந்தால் என் பதில் தெளிவானது: படகில் இரவு வேண்டாம். முன்தளம் திறந்தே இருக்கும், தடுப்பு தாழ்வாக இருக்கும், சுற்றிலும் இருட்டும் தண்ணீரும். தாயோ தகப்பனோ ஒருவர் இரவெல்லாம் கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டே படுத்திருக்க வேண்டிவரும். அதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?

பகல் படகும் கரை வீடும்

ஷிகாரா என்று அழைக்கப்படும் கூரை போட்ட சிறு படகுகள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. பெரிய படகு வீடு நுழைய முடியாத கைநகரிப் பக்கத்து வாய்க்கால்களில் இவை போகும். அங்கேதான் குட்டநாட்டின் அன்றாடம் இருக்கிறது. வாசற்படியில் பாத்திரம் துலக்குகிறார்கள், கடைக்குப் போக வள்ளத்தை அவிழ்க்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் படகுக்காகத் துறையில் நிற்கிறார்கள். படகு வீட்டின் நாற்காலியிலிருந்து தூரத்துக் காட்சியாகத் தெரிவது, ஷிகாராவில் கை எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. அடுத்தவர் வீட்டு வாசல் வழியே போகிறோம் என்பதால் கேமராவைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வது மரியாதை.

இவற்றில் பெரும்பாலும் கழிப்பறை கிடையாது. பெரியவர்களோடும் சிறுபிள்ளைகளோடும் போனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. காலையில் ஒரு நடை, வெயில் தாழ்ந்தபின் ஒரு நடை என்று பிரித்துக்கொள்ளலாம். நடுப்பகலில் கரை வீட்டில் சாப்பிட்டுத் தூங்கலாம். குட்டநாட்டிலும், காயலின் கிழக்குக் கரையிலுள்ள குமரகத்திலும் காயலை ஒட்டியே விருந்தினருக்கு அறை விடும் குடும்பங்கள் இருக்கின்றன. மட்டை அரிசிச் சோறு, குடம்புளி போட்ட மீன் குழம்பு, வாழை இலையில் பொரித்த கரிமீன், வாத்துக் கறி எல்லாம் அந்த வீட்டு அடுப்பிலிருந்தே வரும். படகுச் சமையல் மோசம் என்று சொல்லமாட்டேன், நன்றாகவே சமைக்கிறார்கள். ஆனால் போகும் வழியில் மீன் கடையில் நிறுத்தி, இறாலையும் கரிமீனையும் கூடுதல் விலைக்கு வாங்கவைப்பது அங்கே வழக்கம். கட்டணத்தில் என்னென்ன உணவு அடங்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் மனவருத்தம் வராது.

கரைத் தங்கலின் உண்மையான பலம் நெகிழ்வுதான். மழை பிடித்தால் படகை மாலைக்கு மாற்றலாம். பாட்டிக்கு முடியவில்லையென்றால் அவர் திண்ணையில் உட்கார்ந்தே காயலைப் பார்க்கலாம். குழந்தைக்கு இரவில் காய்ச்சல் கண்டால் வாசலில் வாகனம் நிற்கும். வீட்டை எடுக்கும்போதே சாலை வசதி உண்டா என்று கேட்டுவிடுங்கள், சில வீடுகளுக்குப் படகில் மட்டுமே போக முடியும்.

இழப்பும் உண்டு. தண்ணீர் மேல் தூங்கினேன் என்று பள்ளியில் போய்ச் சொல்லும் பெருமை பிள்ளைகளுக்குக் கிடைக்காது. எட்டு, பத்து வயதுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

அரசுப் படகுகள்

கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 1968-லிருந்து இயங்குகிறது. முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போகும் பயணிகள் படகு, காயலின் அகன்ற பரப்பைக் குறுக்கே கடக்கிறது. தனிப்படகுக்குக் கொடுக்கும் வாடகையோடு ஒப்பிட்டால் டிக்கெட் விலை ஒரு பொருட்டே அல்ல. வழியில் பறவைகள் நிறைந்த பாதிராமணல் தீவு கண்ணில் படும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு நான் விரும்பிச் சொல்வது வடக்கே இருக்கும் வைக்கம். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியிலிருந்து ‘ஆதித்யா’ ஓடுகிறது. இந்தியாவின் முதல் சூரிய ஒளிப் பயணிகள் படகு இது, 75 பேர் அமரலாம். டீசல் இரைச்சலும் புகையும் இல்லாமல் காயலைக் கடப்பது எப்படிப்பட்ட சுகம் என்பதை இதில் போனால் உணரலாம். இறங்கியதும் வைக்கத்தில் பெரியார் நினைவகம் இருக்கிறது. 1924, 25-ல் நடந்த வைக்கம் போராட்டத்தில் சிறை சென்ற பெரியாருக்குத் தமிழக அரசு எழுப்பிய அந்த நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் பாடப்புத்தக வரி ஒன்று ஊராகவும் தெருவாகவும் மாறும்.

நேரத்துக்கு ஓடும் படகு நமக்காக நிற்காது, மூட்டைகளோடு நெரிசலில் ஏறுவது சிரமம். இவைதான் இந்த வழியின் குறைகள்.

ஆலப்புழையா, குமரகமா?

ஆலப்புழையில் ஏறினால் புன்னமடையிலிருந்து கிளம்பி, ஆறும் வாய்க்காலும் வழியாகக் கிராமங்களைப் பார்த்தபடி காயலுக்குப் போவோம். 1952-ல் நேரு வந்தபோது தொடங்கிய வள்ளப் போட்டி நடப்பது இந்தப் புன்னமடையில்தான். படகுகளின் எண்ணிக்கை அதிகம், பேரம் பேசலாம். ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் படகின் பின்னால் படகாக ஊர்ந்து போக நேரும். குமரகத்தில் ஏறினால் உடனே திறந்த வெளி. காற்று அதிகம், கூட்டம் குறைவு, பார்ப்பதற்கு ஊர் குறைவு. கூட்டம் பிடிக்காத பெரியவர்களோடு போனால் குமரகம், பிள்ளைகளோடு போனால் ஆலப்புழை. தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்தவர்கள் இரண்டையும் விட்டுவிட்டுச் செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகலாம். அஷ்டமுடிக் காயலின் மன்றோ தீவில் கழி ஊன்றித் தள்ளும் சிறு வள்ளங்களில் இன்ஜின் இல்லாமலே சுற்றலாம்.

ஏறும் முன் பார்க்க வேண்டியவை

2002 ஜூலை 27 அன்று முகம்மா-குமரகம் தடத்தில் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டத்தின் தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு இருட்டிய பிறகு ஓடிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. படகின் பக்கவாட்டில் கே.ஐ.வி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, எத்தனை பேருக்கு அனுமதி, பிள்ளைகளுக்குப் பொருந்தும் அளவில் உயிர்காப்பு அங்கி உண்டா என்று கேட்பது நம் உரிமை. அங்கியை மாட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற படகை விட்டுவிடுங்கள், அடுத்தது பத்தடி தூரத்தில் நிற்கும்.

கழிவறைத் தொட்டியைப் பற்றியும் கேளுங்கள். 1976-ல் திறக்கப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணை, கடலின் உப்பு வயலுக்குள் வராமல் காக்கிறது. டிசம்பரில் அதன் மதகுகளை அடைத்தால் அணைக்குத் தெற்கே நீரோட்டம் மந்தமாகிவிடும், ஆகாயத்தாமரை பெருகும். படகு வீடுகள் அதிகம் ஓடுவதும் அந்தத் தென்பகுதியில், அதே மாதங்களில்தான். நாம் விடும் கழிவு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீரில் பாத்திரம் துலக்குகிறவர்களை நாம் காலையில்தான் பார்த்தோம். உயிரிக் கழிப்பறை உள்ள படகுகள் இருக்கின்றன. கொஞ்சம் கூடுதல் வாடகையானாலும் அவற்றைத்தான் எடுக்க வேண்டும் என்பேன்.

ஐந்து வயதுக்குக் கீழே குழந்தையோ, நடக்கச் சிரமப்படும் பெரியவரோ இருந்தால் கரை வீடும் ஷிகாராவும். பிள்ளைகள் வளர்ந்தவர்கள், இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போகிறோம், விடிய விடியப் பேச ஆசை என்றால் படகு வீட்டில் இரவு தங்குங்கள். அறைகளில் டிவி இருக்கும், அதை மட்டும் போடாதீர்கள். இரண்டு நாள் கையில் இருந்தால் முதல் நாள் வைக்கம், மறுநாள் ஆலப்புழை. சென்னையிலிருந்து சேலம், ஈரோடு வழியாக வரும் இரவு ரயில் முற்பகலில் ஆலப்புழையை அடைகிறது, நண்பகல் படகுக்கு அது போதும். பருவம் என்று கேட்டால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கட்டணம் இறங்கியிருக்கும், வயலில் பயிர் பச்சையாக நிற்கும், குமரகத்துப் பறவைகளும் கிளம்பியிருக்காது.