பெல்ட் கீச்சொலி: தண்ணீர் தெளிப்பதா, கழற்றிப் பார்ப்பதா?

ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள் இருந்து கீச்சென்று சத்தம் வந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது தண்ணீர். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, கையும் துணியும் அருகே போகாமல், பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தெளியுங்கள். சத்தம் அடங்கி, சில நொடிகளில் திரும்பினால் புல்லிகள் (பெல்ட் ஓடும் சக்கரங்கள்) நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது: டென்ஷன் போதவில்லை, அல்லது டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மாற்றமே இல்லையா? புல்லிகளைச் சுழலவிடும் பேரிங் மீதுதான் சந்தேகம்.

அங்கேதான் இரண்டாவது வழி தேவைப்படும். இன்ஜினை அணைத்து, வெளிப்பக்க பெல்ட்டைக் கழற்றி (இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டைத் தொடாதீர்கள்), பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர், டென்ஷனர் ஆகியவற்றின் புல்லிகளைக் கையால் சுற்றுங்கள். கரகரப்போ ஆட்டமோ தெரிந்தால் அதுதான் குற்றவாளி. விடை உறுதியாகக் கிடைக்கும், ஆனால் நேரம் பிடிக்கும். பெல்ட் போகும் பாதையை முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு முதலில் தண்ணீர்தான், செலவே இல்லை. சரி, பெல்ட் வழுக்காமல் பிடிக்க அடிக்கும் பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்பிரே? வேண்டவே வேண்டாம். சத்தத்தை மறைக்குமே தவிர கோளாறைத் தீர்க்காது; பிசுபிசுப்பில் தூசியும் ஒட்டும். ஆயிலோ கூலன்ட்டோ கசிந்து நனைந்த பெல்ட் என்றால், கசிவைச் சரிசெய்த பிறகே புது பெல்ட் போடுங்கள்.