ஆர்சி கிராலருக்கு டயர் கடை வீல் வெயிட்: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

ஆர்சி கிராலர், அதாவது ரிமோட்டில் பாறை ஏறுகிற குட்டி வண்டி, வாங்கிய கையோடு பலர் மோட்டாரை மாற்றுகிறார்கள், பெரிய பேட்டரி போடுகிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் கார் டயருக்கு பேலன்சிங் பார்க்கிற கடைக்குப் போய் ஒட்டுகிற வீல் வெயிட், அதாவது சக்கரத்தில் ஒட்டும் உலோக எடைத் துண்டுகள், மூன்று பட்டை வாங்கி வாருங்கள். நான் இதுவரை வண்டிக்குச் செலவழித்ததில் ரூபாய்க்கு ரூபாய் பலன் தந்தது இதுதான்.

என்னுடையது 1/10 அளவு டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4, சக்கரம் மட்டும் 1.9 அங்குல பீட்லாக், அதாவது டயர் விளிம்பை வளையம் வைத்துத் திருகிப் பூட்டுகிற சக்கரமாக மாற்றியிருக்கிறேன். ஓட்டுவது பெரும்பாலும் பொற்றையடிப் பக்கம், மருந்துவாழ் மலை அடிவாரப் பாறைகளில். அங்கே எருமை முதுகு மாதிரி வழவழவென்று ஒரு பாறை இருக்கிறது. பாதி வரைக்கும் அழகாக ஏறும், அப்புறம் முன் சக்கரம் இரண்டும் மெதுவாகத் தரையை விட்டு எழும்பி, காற்றில் சுற்றிக்கொண்டே வண்டி பின்பக்கமாக மல்லாந்துவிடும். எத்தனை தடவை என்று கணக்கில்லை, மேல்கூடு முழுக்கக் கீறல். செங்குத்தாக ஏறும்போது பாரம் எல்லாம் பின் சக்கரத்துக்குப் போய்விடுகிறது, முன் டயருக்குப் பாறையைப் பிடிக்க அழுத்தம் இல்லை, அதுதான் காரணம். இதற்கு மோட்டார் பலம் கூட்டினால் இன்னும் சீக்கிரம் மல்லாக்கும், அவ்வளவுதான்.

பாரம் முன்னால் வேண்டும், அதுவும் தாழ்வாக வேண்டும். சேஸிக்குள்ளேயோ பானெட்டுக்குக் கீழேயோ வைத்தால் ஸ்பிரிங் அமுங்கும், பக்கவாட்டுச் சரிவில் வண்டி சாயும். முன் சக்கரத்துக்குள் வைத்தால் அது ஸ்பிரிங்குக்கும் கீழே, அச்சு உயரத்திலேயே இருந்துவிடுகிறது. டிஆர்எக்ஸ்-4ல் இருப்பது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கியர் உள்ள போர்ட்டல் ஆக்சில் என்பதால் கடைசி கியர் குறைப்பு சக்கரத்தை ஒட்டியே நடக்கிறது, கனமான சக்கரத்தைச் சுற்றும் சுமை டிரைவ் ஷாஃப்ட்டில் அவ்வளவாக விழாது. சாதாரண ஆக்சில் வண்டி என்றால் வெயிட்டைக் கொஞ்சம் குறைத்தே ஆரம்பியுங்கள்.

நாகர்கோவிலில் ஒரு டயர் கடையில் போய், "அண்ணாச்சி, ஒட்டுற வெயிட் வேணும்" என்றேன். "எந்த வண்டி, எங்க நிக்கு?" என்று வெளியே எட்டிப் பார்த்தார். பையிலிருந்து சக்கரத்தை எடுத்துக் கொடுத்ததும் உள்ளங்கையில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா மக்கா? அப்ப ஈயத்துல உள்ளத எடு, இரும்பு வளையாது" என்று அவரே தேர்ந்து கொடுத்தார். சரியான யோசனை. ஈயம் இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி, சின்ன இடத்தில் நிறைய எடை அடங்கும், விரலாலேயே வளைக்கலாம். எது எது என்று சந்தேகம் வந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள், ஈயத்தில் ஒட்டாது.

பட்டை ஒன்று 60 கிராம், ஐந்து கிராம் துண்டு பன்னிரண்டு. பீட்லாக் வளையத்தின் குட்டித் திருகுகளைக் கழற்றி, டயரையும் அதற்குள் இருக்கும் ஃபோமையும் (பஞ்சு வளையம்) உருவி, சக்கரத்தின் நடு டிரம்மைச் சுற்றி ஒட்ட வேண்டும். முதலில் பேராசையில் சக்கரத்துக்கு இரண்டு பட்டை, 120 கிராம் வைத்தேன். ஏறியது, ஆனால் இரண்டு கல்லுக்கு நடுவே டயர் மாட்டிய நேரத்தில் திருப்பினால் சர்வோ (சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டார்) 'ங்ஙீ' என்று அழுதது, தொட்டால் சுட்டது. ஒன்றரைப் பட்டையாக, 90 கிராமாகக் குறைத்த பிறகு சரியாகிவிட்டது. சமையலறைத் தராசில் முன் சக்கரங்களை மட்டும் வைத்து, பின்னால் அதே உயரத்துக்குப் புத்தகம் அடுக்கிப் பார்த்தேன். மொத்தம் 3.1 கிலோவில் 1.6 முன்னால் இருந்தது, இப்போது 3.28ல் 1.78. பார்த்தால் சின்ன வித்தியாசம். எருமை முதுகில் அதே கோட்டில் விட்டபோது முன் டயர் அமுங்கி, பக்கவாட்டுப் பல் ஒவ்வொன்றாகப் பாறையில் பதிந்து பதிந்து மேலே போனதைப் பார்த்தேன். முதல் தடவையாக உச்சியில் போய் நின்றது. நான் கத்தியதில் பக்கத்தில் மேய்ந்த ஆடுகள் ஓடிவிட்டன.

குறை என்றால் பசை. வாய்க்கால் தண்ணீரில் இறக்கி ஓட்டிய இரண்டாம் வாரமே முன் இடது சக்கரத்தில் கடகடவென்று சத்தம். கியர் போய்விட்டது என்று பயந்து ஆக்சில் வரைக்கும் பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் டயரைக் கழற்றினால் ஃபோம் நனைந்து ஊறிக் கிடக்கிறது, நான்கு துண்டு பசை விட்டு உள்ளே உருளுகிறது. கார் சக்கரத்தின் பெரிய வளைவுக்குச் செய்த பசை, இந்தச் சின்ன வளைவில் ஓரம் தூக்கிக்கொள்கிறது. துண்டு துண்டாக வெட்டி, டிரம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஒட்டியபின் மேலே நூல் வைத்த டேப் இரண்டு சுற்று இழுத்துச் சுற்றினேன். இன்றுவரை அசையவில்லை.

முட்டத்துக்காரத் தம்பி ஒருவர் வலைக்குக் கட்டுகிற ஈயம் கொண்டுவந்து கொடுத்தார். எடை அருமை, ஆனால் குண்டு குண்டாக இருப்பதால் ஃபோம் சரியாக உட்காராமல் டயர் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது. கிராலர் மெதுவாகப் போகிற வண்டி, பேலன்ஸ் இல்லாவிட்டால் பெரிய பாதகம் இல்லை, புடைப்புதான் தொல்லை.

ஆன்லைனில் வாங்கிய பித்தளை வளையமும் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். திருகிப் பூட்டுவது, பசைக் கவலையே கிடையாது, பார்க்கவும் லட்சணம். ஆனால் ஒரு ஜோடி விலைக்கு நான் ஈயப் பட்டை வருஷம் முழுக்க வாங்கிவிடுவேன், முட்டம் பாறையில் இரண்டு சாயங்காலம் ஓட்டியதில் உப்புக் காற்று பட்டு ஓரம் பச்சை பூத்துவிட்டது. பித்தளைதான் வேண்டும் என்றால் வீலைக் கையோடு கொண்டுபோய் லேத் பட்டறையில் அளவெடுத்துக் கடைந்து வாங்குங்கள், அளவாவது கச்சிதமாக இருக்கும்.

ஈயத்தை அரம் போட்டு ராவாதீர்கள், தூள் உடம்புக்குள் போனால் விஷம். வெட்டி ஒட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு, பிள்ளைகள் கையில் துண்டு கிடைக்கவே கூடாது. ஒட்டும் வேலையை என் மகனிடம் நான் கொடுப்பதில்லை, திருகு கழற்றுவது மட்டும் அவன் பங்கு.

பின் சக்கரத்துக்கு வேண்டாம். 30 கிராம் வைத்துப் பார்த்தேன், பக்கச் சரிவில் கொஞ்சம் நிதானம் வந்தது, ஆனால் எருமை முதுகில் மறுபடி மூக்கைத் தூக்கியது. அன்றைக்கே பாறை மேல் உட்கார்ந்து கழற்றிவிட்டேன்.