மொந்தை மாறிப்போன சீரம்: அல்சூர் கலவைக் கவுன்ட்டர் எப்படி?

பெங்களூருவில், அல்சூர் ஏரியிலிருந்து இந்திராநகர் போகும் வழியில், ஓர் அழகுசாதனக் கடையின் பின்பகுதியில், கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கிறது இந்தக் கவுன்ட்டர். வெள்ளைக் கோட்டு, மின்தராசு, வரிசையாகச் சின்னப் புட்டிகள். முகத்தைக் கேமராவில் காட்டி 20 கேள்விகளுக்குப் பதில் சொன்னால், கால் மணி நேரத்தில் உங்கள் பெயர் அச்சிட்ட சீரம் கைக்கு வரும். "அக்கா, இது உங்களுக்குன்னே செஞ்சது, வேற யாருக்கும் சூட் ஆகாது" என்று தமிழிலேயே சொல்லித் தருகிறார்கள். 30 மி.லி. விலை 1,450 ரூபாய். கூடவே, வீட்டில் கலந்துகொள்ளும் வைட்டமின் சி கிட் ஒன்று தனியாக உண்டு: 20 மி.லி., 950 ரூபாய்.

பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றி விற்பது இந்தத் தொழிலில் வாடிக்கை. இங்கே கதை வேறு. கள் ஒன்று சுமார், இன்னொன்று உண்மையிலேயே நல்லது. மொந்தையும் நல்ல மொந்தைதான். ஆனால் எதை எதில் ஊற்றுவது என்பதில் தலைகீழாக்கிவிட்டார்கள்.

முதலில் தோல் பரிசோதனை. கன்னத்தில் வைக்கும் பேனா போன்ற கருவி, தோலின் மேலடுக்கில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை மின்தேக்குத் திறனை வைத்து அளக்கிறது. கருவியில் குறையில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் இதே அளவை எடுக்குமுன், முகம் கழுவி, 20 டிகிரியை ஒட்டிய அறையில் 20 முதல் 30 நிமிடம் உட்கார வைப்பார்கள். இங்கே அல்சூர் மெட்ரோவில் இறங்கி வியர்வையோடு வருபவருக்கு உடனே கருவியை வைத்தால், வறண்ட தோல்கூட "நல்ல ஈரப்பதம்" என்றுதான் காட்டும். கேமராவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிவப்பைத் தேடித்தான் அது எரிச்சலைக் கணக்கிடுகிறது. நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் மெலனின் அந்தச் சிவப்பை மறைத்துவிடும். எரிச்சல் உள்ள இடம் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்தோ பளபளத்தோ மட்டும் தெரியும். ஆகவே அந்தத் திரையில் வரும் மதிப்பெண்ணை ரொம்பவும் நம்ப வேண்டாம். எந்த கிரீம் எரிந்தது, எங்கே பரு வந்து கறுப்புத் தழும்பு விட்டது என்று நீங்கள் வாயால் சொல்வதே அதைவிடப் பயனுள்ள தகவல். அதைக் கேட்க ஒரு கட்டமும் அந்த 20 கேள்விகளில் இல்லை.

இனி கலவை. அடிப்படை ஜெல்லுக்குப் பேஸ் என்று பெயர், அதில் கலக்கும் வேலை செய்யும் பொருளின் கரைசலுக்குப் பூஸ்டர். 3 பேஸ், 8 பூஸ்டர். பேஸில் ஒன்று, பூஸ்டரில் இரண்டு. 8-இல் 2 எடுத்தால் 28 ஜோடி. மூன்று பேஸுக்கும் சேர்த்து 84 கலவை. பெங்களூருவில் உங்களைப் போல அதே புட்டியை வாங்கியவர்கள் இருப்பார்கள், பெயர்தான் வேறு. அது குற்றமில்லை, மருந்துக் கடையிலும் அப்படித்தான். அளவுதான் குற்றம்.

கணக்கு இது: பேஸ் 25 மி.லி., பூஸ்டர் ஒவ்வொன்றும் 2.5 மி.லி. நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) பூஸ்டர் புட்டியில் 10 சதவீதம் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. 10 சதவீதக் கரைசல் 2.5 மி.லி. என்றால் உள்ளே இருப்பது 0.25 கிராம். அது 30 மி.லி.யில் பரவினால் 0.83 சதவீதம். இரண்டு பூஸ்டர் இடத்தையும் நியாசினமைடுக்கே கொடுத்தாலும் 1.67-ஐத் தாண்டாது. நிறத்திட்டுகளுக்காக நடந்த ஆய்வுகளில் பயன்பட்டது 4, 5 சதவீதம். எண்ணெய்ப் பசைக்கு 2 சதவீதம். அதாவது விளம்பரத்தில் 10, முகத்தில் முக்கால் சொச்சம். நியாசினமைடு தண்ணீரில் தாராளமாகக் கரையும் பொருள். பூஸ்டரையே 40 சதவீதமாகச் செய்தால், அதே 2.5 மி.லி.யில் 3.3 சதவீதம் கிடைக்கும். செய்யாததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் தெரியவில்லை.

அடுத்தது ஜெல் இளகும் பிரச்சினை. 'எண்ணெய்ப் பசைத் தோலுக்கு' என்று தரும் பேஸ் கார்போமர் ஜெல். கார்போமரின் நீண்ட மூலக்கூறுகள் ஒரே மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளி விரிந்து நிற்பதால்தான் ஜெல் கெட்டியாக இருக்கிறது. உப்புத் தன்மையுள்ள எதைச் சேர்த்தாலும் அந்தத் தள்ளுவிசை அடங்கிவிடும். ஜெல் சுருண்டு நீர்த்துப்போகும். பூஸ்டர் பட்டியலில் உள்ள சோடியம் அஸ்கார்பில் ஃபாஸ்பேட்டும் (வைட்டமின் சி-யின் உப்பு வடிவம்) ஜிங்க் பிசிஏவும் (துத்தநாக உப்பு) அப்படிப்பட்டவை. இந்த இரண்டில் ஒன்றைக் கார்போமர் பேஸில் கலக்கக் கேட்டால், கவுன்ட்டரில் கெட்டியாகத் தெரிவது வீட்டில் பழைய சோற்று நீராகத்தான் வழியும். சாந்தன் கம் என்ற பசை போட்டுக் கெட்டியாக்கிய பேஸ் இந்த அளவுக்கு உப்புக்கு அஞ்சாது. மூன்று பேஸில் 'வறண்ட தோலுக்கு' என்பது சாந்தன் கம் வகை. தோல் வகையை மறந்துவிட்டு, இந்த இரண்டு பூஸ்டருக்கும் அதையே கேளுங்கள்.

பிரிசர்வேட்டிவ், அதாவது கிருமி வளராமல் காக்கும் பொருள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பேஸில் இருப்பது சோடியம் பென்சோயேட். கிருமியைத் தடுப்பது அதன் அமில வடிவம் மட்டுமே. பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம். அது 4.2 என்றால் பாதி அமில வடிவில் இருக்கும். 5-இல் ஏறக்குறைய 14 சதவீதம். 6-க்குப் போனால் 2 சதவீதம்கூட இல்லை. சோடியம் அஸ்கார்பில் ஃபாஸ்பேட் நிலைத்திருக்க பிஎச் 6-க்கு மேல் வேண்டும். அதைக் கலந்து பிஎச் ஏறியவுடன் பேஸின் காவல்காரன் தூங்கிப்போவான். புட்டி பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். பேஸுக்கு 28 நாள் கிருமிச் சோதனை நடந்திருக்கிறது என்கிறார்கள், நல்லது. ஆனால் பூஸ்டர் கலந்த பிறகான கலவைக்கு அது பொருந்தாது. 84 கலவைக்கும் தனித்தனியே சோதனை நடந்ததா என்று கேட்டால் சிரிப்புதான் பதில். ஃபீனாக்ஸி எத்தனால் என்ற இன்னொரு பிரிசர்வேட்டிவ் பிஎச் மாற்றத்துக்கு அசையாது. அதை 1 சதவீதத்துக்குள் கூடவே போட்டிருந்தால் இந்தக் கவலையே வந்திருக்காது. மல்லிகை வாசனை வேண்டுமா என்று கேட்பார்கள். முகத்தில் ராத்திரி முழுக்கத் தங்கும் பொருளுக்கு எதற்கு வாசனை? பூவைத் தலையில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மொந்தைக்கு வருவோம். இந்தக் கவுன்ட்டரில் கொடுக்கிற காசுக்கு நிஜமாகத் தேறுவது ஏர்லெஸ் பம்ப் புட்டிதான். இதற்குள் உறிஞ்சுகுழாய் கிடையாது. அடியில் ஒரு பிஸ்டன் தட்டு. மேலே அழுத்தும்போது ஒரு அளவு சீரம் வெளியேறும். ஸ்பிரிங் மீளும்போது உண்டாகும் வெற்றிடம் அடுத்த அளவை இழுக்கும். அதற்கேற்பப் பிஸ்டன் மேலே ஏறும். காற்று உள்ளே புகாது, விரலும் படாது, கடைசிச் சொட்டு வரை ஏறக்குறைய எல்லாம் வெளியே வரும். ஒரு அழுத்தத்துக்கு 0.2 மி.லி.; முகத்துக்கு 2, கழுத்துக்கு 1.

வரவில்லை என்று திருப்பிக் கொண்டுவரும் புட்டிகளில் பெரும்பாலானவற்றில் பம்ப் கெட்டிருக்காது. புதுப் புட்டியை 5 முதல் 10 தடவை வெறுமனே அழுத்த வேண்டும், அப்போதுதான் பம்ப் நிறையும். அப்படியும் வரவில்லையென்றால் புட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு சின்னத் துளை இருக்கும். வெளிக்காற்று பிஸ்டனை மேலே தள்ளுவது அந்த வழியாகத்தான். விலை ஸ்டிக்கரை அதன் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள்! உரித்தால் பாதிப் புகார் தீரும். உள்ளே காற்றுக்குமிழ் மாட்டியிருந்தால், மூடியைக் கழற்றி, பம்ப் மேலே இருக்கும்படி அடியை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி, துளை வழியாக இயர்பட் குச்சியால் பிஸ்டனை மெல்ல ஒரு நூல் தள்ளினால் போதும். கீழே விழுந்து பிஸ்டன் சாய்ந்துவிட்டால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. நீர்த்த சீரமும் பிஸ்டன் ஓரமாகக் கசியும்; மேலே சொன்ன இளகிய ஜெல் இங்கேதான் வந்து தொல்லை கொடுக்கும்.

சரி, இவ்வளவு நல்ல புட்டியில் எதை ஊற்றுகிறார்கள்? நியாசினமைடு சீரத்தை. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அசராத பொருள் அது. சாதாரண பம்ப் புட்டியே அதற்குப் போதும்.

காற்றைக் கண்டால் கெட்டுப்போகும் வைட்டமின் சி கிட்டுக்குக் கொடுப்பதோ டிராப்பர்.

அந்தக் கிட், பொருளாகப் பார்த்தால், கடையிலேயே சிறந்தது. மூடிக்குள் 3 கிராம் எல்-அஸ்கார்பிக் அமிலத் தூள், அதாவது வைட்டமின் சி-யேதான்; கீழே 17 கிராம் திரவம். மூடியை அழுத்தினால் தூள் விழும். கலந்ததும் 15 சதவீதம். கலக்கும் நாள் வரை தூள் உலர்ந்தே இருப்பதால் கெடுவதில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். டியூக் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் பின்னெல் குழு 2001-இல் பன்றித் தோலில் காட்டியது இது: பிஎச் 3.5-க்குக் கீழே இருந்தால்தான் இந்த அமிலம் தோலுக்குள் இறங்கும். 20 சதவீதத்துக்கு மேல் போட்டால் கூடுதல் லாபமில்லை. கிட் கலவை, அரை அரையாக அளவு பிரித்த பிஎச் தாளில் 3-க்கும் 3.5-க்கும் நடுவே நிற்கிறது. சரியான இடம்.

வாங்கும்போது மூடியைக் காதருகே குலுக்குங்கள்: தூள் கலகலவென்று ஓட வேண்டும். கட்டியாக 'தொப்' என்று விழுந்தாலோ, மஞ்சள் தட்டியிருந்தாலோ, ஈரம் புகுந்துவிட்டது, வேண்டாம். திரவத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கலக்காதீர்கள், குளிர்ச்சியில் தூள் கரைய அடம்பிடிக்கும். அறை வெப்பத்தில் கலந்து, 2 நிமிடம் குலுக்கி, 10 நிமிடம் விட்டு, கழுத்தில் ஒட்டிய பருக்கைகள் கரையும்வரை மறுபடி குலுக்கி, தேதியை எழுதிவிட்டு, அதன் பிறகு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். தண்ணீர் எதுவும் சேர்க்க வேண்டாம். ஒயிட்ஃபீல்டு பக்க டேங்கர் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ என்றால் இன்னும் மோசம். அதிலுள்ள இரும்பும் செம்பும் சிட்டிகை அளவு இருந்தாலே ஆக்சிஜனேற்றத்தை முடுக்கிவிடும்.

டிராப்பரில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும், எடுத்த அளவுக்குக் காற்று உள்ளே போகிறது. பாதி தீர்ந்த புட்டியில் பாதி காற்று. தண்ணீர் நிறத்தில் இருந்தது இளம் வைக்கோல் நிறமாகும், அதுவரை பரவாயில்லை. காபி டிகாஷனில் தண்ணீர் விட்ட நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். சிதைவில் எரித்ருலோஸ் உண்டாகிறது. வெயிலில் போகாமலே தோலைப் பழுப்பாக்கும் கிரீம்களில் போடுவதும் அதைத்தான். விரல் நுனியும் தலையணை உறையும் ஆரஞ்சாவது அதனால். 'கறை போக' என்று வாங்கி, கறை பூசிக்கொள்வதாக முடியும்.

ஆகவே காலி ஏர்லெஸ் புட்டி ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், 120 ரூபாய்க்குத் தருகிறார்கள். ஸ்பிரிங் சீரத்தைத் தொடாமல் வெளியே இருக்கும் வகைதான் வேண்டும். உலோகம் இதற்கு ஆகாது. கலந்ததை விளிம்பு வரை ஊற்றி, பம்ப் தலையை மேலிருந்து அழுத்தி மூடுங்கள். இடைவெளி விட்டால் அதுவே காற்றறை. தினமும் காலையில் 3 அழுத்தம், 0.6 மி.லி.; 20 மி.லி. ஒரு மாதம் வரும். முனையில் நின்ற சொட்டு மட்டும் பழுப்பாகும், அதைத் துடைத்துவிட்டு அழுத்துங்கள். மேலே சன்ஸ்கிரீன் போடாவிட்டால் இவ்வளவும் வீண். முதல் முறை என்றால் முழங்கைக்குள்பக்கம் தடவி 48 மணி நேரம் பாருங்கள்.

லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. கலவைப் புட்டியில் உங்கள் பெயர் இருக்கிறது, கலந்த தேதி இருக்கிறது. பேட்ச் எண்ணும் உற்பத்தி உரிம எண்ணும் இல்லை. 2020 டிசம்பரில் வந்த அழகுசாதன விதிகளின்படி இவை இரண்டும், தயாரிப்பாளர் முகவரியும், எப்போதுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதியும் லேபிளில் இருக்க வேண்டும். பேஸின் உரிம எண்ணைக் காட்டினால் போதாது. 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டம் விற்பனைக்காகப் பொருளை மாற்றியமைப்பதையும் உற்பத்தி என்றே சொல்கிறது. வைட்டமின் சி கிட் ஆலையிலிருந்து வருவதால் அதன் அட்டையில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

மொத்தத்தில், கிட்டும் காலி ஏர்லெஸ் புட்டியும் வாங்கலாம். 1,450 ரூபாய்க் கலவை வேண்டாம்; நியாசினமைடு தேவையென்றால் மருந்துக் கடையில் 5 சதவீதமே கிடைக்கும். ரீஃபில் என்று அதே புட்டியைத் திறந்து மிச்சத்தின் மேலேயே ஊற்றித் தருகிறார்கள், அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்: பழைய கலவையின் சிதைவும் கிருமியும் புதியதற்கு உறை மோர் மாதிரி. பிஸ்டனோடு கூடிய உள்குப்பியை அப்படியே மாற்றித் தரும் வசதியும் அங்கே உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். பம்ப் தலையையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், அதற்கு 60 ரூபாய்.